கழிமுகத்திற்குத் தருவது தானமா, கடனா?

கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டோடும் ஆண்டுகளில் நாளிதழ்களிலும் மேடைகளிலும் தவறாது ஒலிக்கும் தொடர் ஒன்றுண்டு. "நீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்பதே அது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டபோதும் இதனைக் கேட்டோம். 2022ஆம் ஆண்டு வெள்ளத்திலும் கேட்டோம். கொள்ளிடத்தின் வடபால் தா.பழூரில் வாழும் நமக்கு இது பழகிப்போன புலம்பல்.

இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்த குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். அனர்த்தம் என்பது பயனின்மை, வீண். வேண்டாது மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றை இவ்விரதம் விலக்குகிறது. ஓரறிவுயிர்க்கும் வீணே துன்பம் செய்யலாகாது என்பது இதன் உட்பொருள். எனவே 'வீண்' என்னும் சொல்லை மற்றவர் எளிதாகக் கையாளலாம். நாம் அதனை நிறுத்துப் பார்த்தே கையாள வேண்டும். கடலுக்குச் செல்லும் நீர் வீணா? அந்நீர் செல்லாமையால் நேர்ந்த அழிவைச் சீர்செய்ய முற்படுவோர் தானம் செய்கின்றனரா, கடன் அடைக்கின்றனரா? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் ஆற்றைப் பற்றிய பாடத்தை உற்பத்தி, துணையாறுகள், அணைகள், பாசனப் பரப்பு என்னும் வரிசையில் நடத்தப் பயிற்றுவித்தனர். கழிமுகம் என்பது கரும்பலகையில் விசிறிபோல் வரையப்படும் நான்கு கோடுகளே. அவ்விசிறிக்குள் வாழ்வன எவை என்று பிள்ளைகளும் கேட்டதில்லை, பாடநூலும் சொன்னதில்லை.

கொள்ளிடம் பழையாறு அருகே கடலை அடைகிறது. அதற்கும் வடக்கே வெள்ளாற்று முகத்துக்கும் இடையில் கிடப்பதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு. வெண்கண்டலும் சுரபுன்னையும் தில்லையும் அங்கு வளர்கின்றன. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம் அதுவே. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். இம்மரங்கள் உவர்நீரில் நிற்பவை என்பதால் இவற்றுக்கு நன்னீர் வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. ஓதநீரோடு ஆற்றுநீரும் அளவோடு கலந்து வந்தால்தான் இவை தழைக்கும். ஆறு கொணரும் வண்டலும் மணலுமே இவை நிற்கும் நிலத்தையும், அந்நிலத்தைக் கடலினின்று பிரிக்கும் மணல்திட்டையும் ஆக்குகின்றன. மணல் வரத்துக் குறைந்தால் அலை அரித்தெடுப்பதற்கு ஈடு வைக்க ஒன்றுமில்லை, கரை தேயும்.

1830களில் ஆர்தர் காட்டன் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. பின்னும் மேலே கருநாடகத்தில் அணைகள் எழுந்தன. இவற்றால் உழவு பெற்ற நன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை. டெல்டாவின் சோற்றை உண்டு வளர்ந்தவர் அவ்வாறு கூறுதல் நன்றி மறத்தலாகும். ஆயினும் அணை நீரை மட்டும் நிறுத்துவதில்லை. அதில் வரும் மண்ணையும் நிறுத்துகிறது. அணைக்குக் கீழே ஆற்றில் எஞ்சிக் கிடந்த மணலையோ நாம் லாரி லாரியாக அள்ளினோம்.

காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துப் பார்க்க. 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்ட அத்தீர்ப்பு, தமிழ்நாட்டிற்கு 419, கருநாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுவைக்கு 7 என்று வகுத்தபின், சுற்றுச்சூழல் காப்புக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்கவியலாது கடலுக்குத் தப்பிச் செல்வது என 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி.யைக் கருநாடகத்திற்கு மாற்றியபோதும் இவ்விரு தொகைகளில் கைவைக்கவில்லை. மாநிலங்களுக்குரியது பங்கு என்னும் பெயரால் எழுதப்பட்டது. கடல் பெறுவதோ தப்பியோடியது என்னும் பெயரால் எழுதப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் கழிமுகம் உரிமையாளராக அன்றி ஓட்டைப் பானையாகவே இடம்பெற்றுள்ளது.

பிச்சாவரத்தில் அழிவுக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியிலும் பின்னர் 1970கள் வரையிலும் இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டி விற்றனர். மரம் இழந்த சேற்றுநிலத்தின் மீது வெயில் நேரே விழுந்தது. ஈரம் வற்றி நிலம் உள்வாங்கித் தொட்டிபோல் குழிந்தது. அக்குழியில் புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றி, உப்பு மேலும் மேலும் ஏறியது. அதன்பின் விதை விழுந்தாலும் முளைத்து நிலைக்கவில்லை. வெட்டுவதை நிறுத்தியும் காடு தானே மீளவில்லை என்பதை ஊன்றி நோக்குக. தீவினையை நிறுத்துதல் ஒன்று. அதன் பயனைத் தீர்த்தல் மற்றொன்று.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டன. இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெருவாய்க்காலும், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்து பிரியும் சிறுவாய்க்கால்களும் வெட்டினர். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. வாய்க்காற் சரிவுகளில் நட்ட வெண்கண்டல் கன்றுகள் பிழைத்தன. வண்டல் படிந்து தூர்ந்துபோகும் அவ்வாய்க்கால்களை அவ்வப்போது தூர்வார வேண்டும். நட்டுவிட்டு வீடு திரும்பும் வேலையன்று அது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் காப்பிடமும் 2024இல் அப்பெருமை பெற்றது.

ஈண்டு நம்மவர் எழுப்பக்கூடிய தடை ஒன்றை எதிர்கொள்ள வேண்டும். சேற்றை வெட்டினால் அதிலுள்ள புழுக்களும் நண்டுகளும் எண்ணிறந்த நுண்ணுயிர்களும் மடியுமே, அகிம்சையைக் கைக்கொண்டோர் அதற்கு உடன்படலாமா என்பது அத்தடை. இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை வேறு, வாழ்வுக்கு இன்றியமையாத செயலில் கருதாது நேரும் ஆரம்ப இம்சை வேறு என்று நூல்கள் பிரித்துரைக்கின்றன. வாய்க்கால் வெட்டுதல் இரண்டாம் வகையினது எனலாம். ஆனால் அவ்வளவில் மனநிறைவு கொள்வது நமக்கு உடன்பாடன்று. வேண்டிய அளவுக்கு மேல் ஒரு முழமும் வெட்டாமை, வெட்டுமுன் அந்நிலம் உண்மையிலேயே நோயுற்றதா என்று அறிதல், இவ்விரண்டும் இல்லையேல் அதுவும் அனர்த்த தண்டமே. இதே அளவுகோலைக் கொள்ளிடத்து மணற்குழிகளின் மீது வைத்துப் பாருங்கள். சேற்று வாய்க்காலைக் கண்டு நடுங்கும் நாம், வீட்டு வாயிலில் இறங்கும் மணலைக் கண்டு நடுங்குவதில்லை.

மற்றொரு தயக்கமும் உண்டு. காடு தழைத்தால் இறாலும் மீனும் பெருகும், அவற்றைப் பிடிப்போர் பிழைப்பர் என்பதே இம்முயற்சிகளுக்குச் சொல்லப்படும் முதன்மையான பயன். கிள்ளைப் பகுதியில் இருளர் ஓடைநீரில் இறங்கி இறாலைக் கையால் துழாவிப் பிடித்து வாழ்கின்றனர். அத்தொழில் நம் ஒழுக்கத்திற்கு ஏலாதது. ஆயினும் காட்டை அழித்தவர் அவரல்லர். அழிவின் சுமையை முதலில் சுமந்தவரும், வாய்க்கால்களில் உழைத்தவரும் அவரே. அவர் உணவைக் குறித்துத் தீர்ப்பளிக்கும் தகுதி, அவர் நிலத்தைத் தேய்த்த நமக்கு எவ்வாறு வரும்?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது இக்காடு தன் பின்னிருந்த ஊர்களைக் காத்தது என்று அறிஞர் எழுதினர். கடலினின்று உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே மெய்க்காரணம் என மறுத்தோரும் உளர். நம் வினாவிற்கு அவ்வழக்கு முடிவாக வேண்டியதில்லை. நமக்குப் பயன்படாவிடினும் கடன் கடனே.

கடன் என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம் எனில், தானம் கொடுப்போன் தான் விரும்பியதைக் கொடுப்பான். கடன் தீர்ப்போனோ பட்டதையே தீர்க்க வேண்டும். இலங்கையில் ஆழிப்பேரலைக்குப் பின் ஊக்கத்தோடு கண்டல் கன்றுகளை நட்டனர். 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றும் பிழைக்கவில்லை என்றும், நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் 200 முதல் 220 ஹெக்டேர் அளவே தேறியது என்றும் கண்டது. பொருந்தாத இடத்தில் பொருந்தாத கன்றை நட்டதும், நட்டபின் பேணாமையும் முதன்மைக் காரணங்கள். கொடுத்தவர் மனம் நிறைந்தது; பெற்ற நிலம் எது கேட்டது என்று வினவியோர் சிலரே.

நம் ஊர்க்கு அண்மையிலுள்ள ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் படிமத்தை, பெருந்தொகைக்கு வாங்கியிருந்த ஆஸ்திரேலிய நாட்டுக் காட்சிக்கூடத்தினின்று 2014இல் மீட்டு இந்தியாவிடம் ஒப்படைத்தனர். அதனை எவரும் தானம் என்று கூறவில்லை; உரியவரிடம் உரியது சேர்ந்தது என்றே கூறினோம். கழிமுகத்திற்கு உரிய நீரும் மணலும் மேலே தங்கிவிட்டன. அங்கே கன்று நடுவது வட்டி. முதல் என்பது நீரும் மணலுமேயாகும்.

முதலைத் திருப்பித் தருவது எவ்வாறு? பயிர் வாடும் ஆண்டில் கடலுக்கு நீர் விடுக என்று நாம் சொல்லோம். வெள்ள ஆண்டில் செல்வதை வீண் என்று பழியாமலும், அதன் கடைசித் துளியையும் தடுக்க மேலும் மேலும் தடுப்பணை கேளாமலும் இருத்தல் இயலும். மணலோ நேரே நம் கையில் உள்ளது. அரியலூர் வட்டாரம் பண்டைக் காலத்தில் கடலடியாய்க் கிடந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இங்குச் சிமென்ட் ஆகிறது. கொள்ளிட மணலும் அதுவும் சேர்ந்தால் சுவர். ஆற்றுமணலுக்கு மாற்றாகப் பாறையை உடைத்து எம்-சாண்ட் ஆக்குகின்றனர் என்பீர்கள். முனிவர்கள் தவமிருந்த குன்றுகள் கல்குவாரிகளால் சிதைவதை அறிந்த நாம் அதில் ஆறுதல் கொள்ளவியலாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பொன்னையும் நிலத்தையும் அளவிடுவதுபோல் மணலையும் அளவிட வேண்டிய காலம் இது.

வந்தவாசி, செஞ்சிப் பக்கத்திலும், கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடிப் பக்கத்திலும் ஜினாலயத் திருப்பணிக்குத் திட்டமிடுவோர், பழைய மதிலை இடிப்பதற்கு முன்னர் அதன் செங்கல்லையும் காரையையும் மீளப் பயன்படுத்த இயலுமா எனவும், எத்தனை லோடு மணல் குறையும் எனவும் பொறியாளரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு ஏற்கெனவே செய்த ஊரார் இருப்பின், குறைந்த லோடுகளின் கணக்கோடு இவ்விதழுக்கு எழுதுவாராக.