கறிவேப்பிலைப் புழுவும் முதல் சீலமும்

உயிர்க்கொலை செய்யேன் என்று பஞ்சசீலத்தின் முதல் சீலத்தை ஏற்றவர், தன்னைத் தாக்க வருகிறவரை விரட்டலாமா? எங்கள் வீட்டில் அடிக்கடி எழுந்த கேள்வி இது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலும் கிளைவிட்டது. அந்த வழியில் வந்த சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண் நான்.

எனக்கான பதிலைத் தங்கவயலின் கோரமண்டலில் எங்கள் கறிவேப்பிலைச் செடியில்தான் கண்டேன். காமன் மார்மன் பட்டாம்பூச்சி அதன் தளிரில் முட்டைகளைத் தனித்தனியாக இடும். சின்னப் புழு பறவை எச்சம்போல இலையில் ஒட்டிக்கிடக்கும். கடைசியாகத் தோலுரித்ததும் பச்சையாகிவிடும். துடைப்பக் குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு பிதுங்கும். உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம்தான் அதை வெளியே தள்ளுகிறது. ஈரமாக மினுங்கும் அந்தச் சுரப்பியிலிருந்து கெட்டுப்போன வெண்ணெய் வாடை வீசும். முதிர்ந்த புழுவில் அதற்குக் காரணம் ஐசோபியூட்டிரிக் அமிலம். எறும்பு வந்தால் அந்த வாடைக்குப் பின்வாங்கும். குச்சியை எடுத்ததும் கொம்பு உள்ளே போய்விடும். புழு மறுபடி இலையைத் தின்னத் தொடங்கும்.

கொலைக்கு ஐந்து உறுப்புகள் என்கிறது பௌத்த உரையாசிரியர் புத்தகோசரின் உரை: ஓர் உயிர், அது உயிர் என்ற அறிவு, கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் சாவு. புழுவுக்குச் சீலம் தெரியாது, நமக்குத் தெரியும். விரட்டுவது மட்டும் கொலையாகாது, கொல்லும் எண்ணம் சேரும்போதுதான் சீலம் முறிகிறது. அந்த எண்ணம் நமக்குள் இருக்கிறதா என்று அறிய வழி உண்டு. ஆபத்து விலகியதும் புழுவின் கொம்புபோல நம் கோபமும் அடங்கினால் அது தற்காப்பு. அடங்காமல் துரத்திக்கொண்டு போனால் அது பழிவாங்கல்.

புழுவின் இந்தச் சுரப்பி எப்போதும் காப்பாற்றுவதில்லை. ஒட்டுண்ணிக் குளவிகள் அதையும் மீறிப் புழுவுக்குள் முட்டையிட்டுவிடும். உயிருள்ள புழுவை உள்ளிருந்து தின்னும் இத்தகைய குளவிகளைக் கருணையுள்ள கடவுள் படைத்திருப்பாரா என்று 1860-ல் டார்வின் தன் நண்பர் ஆசா கிரேக்கு எழுதினார். பௌத்தரான எனக்குப் படைத்தவரைக் கேட்க இடமில்லை. என் கை என்ன செய்கிறது என்றுதான் கேட்க முடியும்.

அதனால் கறிவேப்பிலைக்கு மருந்தடிக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புழு தின்ற கிளை மறுபடி துளிர்க்கும். நாலு கிளையை அதற்கு விட்டுவிடுங்கள்.