ஃபேடரை அசைத்தது யார்?

பாட்டு ஒன்றை மிக்ஸ் செய்கிறவருக்கு, பாடகரின் குரல் ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அமுங்கிப்போவது காதில் படுகிறது. ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரலை வைத்து, அந்த இடத்தில் மட்டும் ஒன்றரை டெசிபல் ஏற்றுகிறார். டச் மோடில் விரலை எடுத்ததும் ஃபேடர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்; லாட்ச் மோடில் விட்ட இடத்திலேயே நிற்கும். எதுவானாலும் கை போன தடம், நெருக்கமான புள்ளிகள் கொண்ட ஒரு கோடாகத் திரையில் விழுந்துவிடுகிறது. அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் விரல் கால் விநாடி பிந்தியிருப்பது தெரிகிறது; ஏறுமிடத்தில் லேசான நடுக்கமும் இருக்கிறது. புள்ளிகளில் பாதியை அழிக்கிறார், முதல் புள்ளியைக் கொஞ்சம் முன்னால் இழுக்கிறார், நெளிவை நேராக்குகிறார். மறுபடி ஓடவிட்டால் எழுத்து துலக்கமாகக் கேட்கிறது. ஆனால் இப்போது ஒலிப்பது யாருடைய செயல்? இப்படியோர் அசைவை எந்தக் கையும் செய்யவேயில்லையே.

நடந்தது மெய், திருத்தியது பொய் என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: செயல் என்பது ஒரு கணத்தில், ஒரு கையில் முழுதாக நடந்து முடிந்துவிடுகிறது, பிறகு அதைத் தொடுவது கலப்படம். இந்த நம்பிக்கை ஸ்டுடியோவுக்குக் கணினி வருவதற்கு முன்பும் சரியாக இருந்ததில்லை. 1975-இல் வெளிவந்த 10சிசி குழுவின் ‘ஐ'ம் நாட் இன் லவ்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில், ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 48 குரல்களை அடுக்கி டேப்பில் ஏற்றினார்கள். பிறகு குழுவினரே மிக்ஸிங் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்குச் சில ஃபேடர்களை ஏற்றி இறக்கி, மேசையையே வாத்தியமாக வாசித்தார்கள். அதற்கு முன்பே ஃபேடர்களின் அடியில் ஒட்டுநாடாவை ஒட்டி, எந்த ஸ்வரமும் முழுக்க அடங்கிவிடாதபடி செய்துவைத்திருந்தார்கள். கேட்பவரைச் சூழ்ந்துகொள்ளும் அந்தக் குரல்மூட்டத்தை உண்டாக்கியது யார்? விரல்களா, ஒட்டுநாடாவா, நாடாவை எந்த உயரத்தில் ஒட்டலாம் என்று முன்கூட்டியே யோசித்த தலையா? கணத்துக்கு முன்னால் எடுத்த முடிவு கணத்துக்குள் வந்து வேலை செய்கிறது. அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் கணத்துக்குப் பின்னால் வரும் முடிவை மட்டும் ஏன் வாசலிலேயே நிறுத்த வேண்டும்?

பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இதைத்தான் தன் வாத்தியத்தை வைத்து வாதாடினார். 1964-இல் மேடைக் கச்சேரியை விட்டவர், 1966-இல் ஒலிப்பதிவு பற்றி எழுதிய கட்டுரையில் பாக்கின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றைச் சொல்கிறார். இரண்டு டேக்குகள் பிழையில்லாமல் அமைந்தன. ஒன்றில் இறுக்கம், மற்றதில் துள்ளல். வாசித்த அன்று இரண்டும் நன்றாகவே பட்டன. வாரங்கள் கழித்துக் கேட்டபோதுதான் தனித்தனியே இரண்டும் சலிப்பூட்டுவது புரிந்தது. இரண்டையும் வெட்டி ஒட்டினார். விரல்கள் ஓய்ந்த பிறகும் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும். செயலை ஒரே கையில் அடக்காத பார்வை பழையதும்கூட. கீதையின் 18-ஆம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இருப்பிடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தான் மட்டுமே கர்த்தா என்று நினைப்பவன் சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொல்கிறது. அகந்தையைத் தளர்த்தச் சொன்னது அது; ஸ்டுடியோவுக்காகச் சொன்னதல்ல. ஆனாலும் ‘பலவகை முயற்சிகள்’ என்ற நான்காவதில், புள்ளியை இழுத்து வைப்பதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. (ஐந்தாவது இடத்தை எந்த மென்பொருள் கம்பெனியும் இன்னும் கேட்கவில்லை.)

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1958-இல் எழுதிய நூலில் செயலையும் ஆக்கத்தையும் பிரிக்கிறார். தச்சன் செய்த மேசையை உடைத்துப்போடலாம். மனிதர்களுக்கிடையே நிகழ்ந்த செயலைத் திரும்பப் பெற முடியாது, அதற்கு மன்னிப்பு ஒன்றுதான் மாற்று. இந்த அளவுகோலின்படி, எத்தனை முறையும் அன்டூ செய்யக்கூடிய ஒன்று செயலே ஆகாது. அது தச்சுவேலை, அதில் வினையின் கனமில்லை. பாதிக்குமேல் ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம்தான். ஆனால் அன்டூ திருப்பித் தருவது தரவை மட்டும். காதைத் திருப்பித் தருவதில்லை. நான்கு விநாடித் துண்டை முப்பது முறை ஓடவிட்டவருக்கு அந்தச் சொல் இனி எப்படி வைத்தாலும் தெளிவாகவே கேட்கும். காரணம் எளியது, சொல் என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதன்முறை கேட்பவரின் காது அவருக்கு இனிக் கிடையாது. கோப்பு பழைய நிலைக்குப் போகிறது, ஆள் போவதில்லை. ஒவ்வொரு திருத்தமும் செய்தவரிடம் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் நடக்கிறது. மீட்க முடியாமை என்று அரெண்ட் சொல்வது இங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

மவுஸால் வரைந்த கோடு உயிரற்றது என்ற முறையீடும் கேட்கிறது. அதில் நியாயமில்லாமல் இல்லை. மின்னணு வாத்தியங்களை இணைக்க 1983-இல் வந்த மிடி முறையில் ஒரு சாதாரணக் கன்ட்ரோலருக்கு 0 முதல் 127 வரை 128 படிகள்தான். ஃபில்டரை மெதுவாகத் திறந்தால் சில கருவிகளில் படிக்கட்டு ஏறுவதுபோலவே கேட்கும். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டுக்கு மட்டும் 16,384 படிகள் வைத்தார்கள். சுருதி விஷயத்தில் காது எவ்வளவு கறாரானது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதாவது, கோடு கையால் வந்ததா மவுஸால் வந்ததா என்று காது விசாரிப்பதில்லை. வழுக்கிப் போகிறதா, இடறுகிறதா என்றுதான் பார்க்கிறது. திருத்தம் பொய்யாவது வேறோர் இடத்தில்: காதை உறுத்தாத நடுக்கத்தை, திரையில் அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக அழிக்கும்போது. அங்கே வேலை செய்வது கண். பாட்டோ காதுக்காகச் செய்தது. திரையை அணைத்துவிட்டுக் கேட்டால், அழித்த அந்த நடுக்கம் பாடகர் மூச்சு வாங்கிய இடத்தோடு சரியாகச் சேர்ந்திருந்தது என்று சில சமயம் தெரியவரும். அப்போது அழித்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், இம்முறை மவுஸால்.