இறங்கும்போது அடிபட்ட கால்

"ஏறும்போது நல்ல காலு, இறங்கும்போது அடிபட்ட காலு. இதை மட்டும் மறந்துடாதீங்கண்ணா."

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், ஊன்றுகோலும் கையுமாக என்னைப் படிக்கட்டின் முன்னால் நிறுத்திவைத்து பிசியோ பெண் சொன்ன முதல் பாடம் இதுதான். காரணம் எளிது. ஏறும்போது உடம்பைத் தூக்குவது மேல்படியில் வைத்த கால். இறங்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பதும் மேல்படியிலேயே நிற்கிற கால். இரண்டு வேலையையும் நல்ல காலின் தலையில் கட்டிவிட வேண்டும். எனக்கு அப்போது 41 வயது. குன்னூரில் பிறந்தவன், எங்கள் வீட்டிலிருந்து கடைவீதிக்குப் போகவே 112 படி. அப்படிப்பட்டவனுக்குப் படி இறங்க ஒருத்தர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

விழுந்த கதையில் வீரம் ஒன்றும் இல்லை. அதற்கு முன் ஒன்பது வருடம் மலைச் சைக்கிள் ஓட்டியவன் நான். மூன்றடி உயரப் பாறையிலிருந்து சைக்கிளோடு குதித்திருக்கிறேன். கை, தோள் எல்லாம் சிராய்த்திருக்கிறேன்; பெரிதாக எதுவும் போனதில்லை. முட்டி போன அன்று நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். அக்டோபர் மாதம், கோத்தகிரிப் பக்கம் ஒரு சோலையின் ஓரம், முந்தின இரவு மழை. ஈர வேர் ஒன்றில் முன்சக்கரம் வழுக்கியது. விழாமல் இருக்க இடது காலைத் தரையில் ஊன்றினேன். இந்தப் பாதையில் ஓட்டுகிற எவரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்கிற காரியம். அன்றைக்குப் பாதம் இரண்டு வேருக்கு நடுவே செம்மண்ணில் மாட்டிக்கொண்டது. சைக்கிளும் நானும் வலது பக்கம் திரும்பினோம். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். காதில் கேட்டதா காலில் கேட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கிப்போனது. முதலில் பார்த்த டாக்டர் சுளுக்கு என்றார். இரண்டு வாரம் ஓய்வு. மூன்றாவது வாரம் நடந்தேன். நான்காவது வாரம் தார் ரோட்டில் சைக்கிளே ஓட்டினேன். நேராகப் போகும்வரை வண்டவாளம் தெரியவில்லை. நான் கணக்கு எழுதுகிற தேயிலை ஃபேக்டரியில் ஒரு நாள் பின்னாலிருந்து யாரோ கூப்பிட, நின்ற இடத்திலேயே திரும்பினேன். முட்டிக்குக் கீழே இருந்த கால் வேறு யாருடையதோ போல நழுவியது. அப்புறம்தான் எம்.ஆர்.ஐ.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு "ஜவ்வு கிழிஞ்சுபோச்சு" என்று பெயர். டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள். தொடை எலும்பின் அடியிலிருந்து கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவிப் போகாமலும், முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைக்கிற நார். நீளம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். ஜவ்வு என்றதும் ஜவ்வு மிட்டாய் நினைவுக்கு வருகிறதல்லவா, இழுத்தால் நீளும், ஒட்டினால் ஒட்டும் என்று? இது அப்படியல்ல. அறுந்துவிட்டால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. வெட்டுக்காயத்தில் ரத்தம் உறைந்து பாலம் போடுவதுபோல இங்கே போட முடியாது. மூட்டுக்குள் இருக்கிற நீர் அந்த உறைவைக் கரைத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு இதெல்லாம் ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புத்தூர் கட்டுக்கு வழி சொன்னார். அம்மா வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப்பும் மற்ற நாட்களில் பிரண்டைத் துவையலும் வைத்தாள். சூப் நன்றாகவே இருந்தது.

அறுவை சிகிச்சை கட்டாயமில்லை என்று இரண்டாவதாகப் பார்த்த டாக்டரே சொன்னார். 2010-இல் ஸ்வீடனில் இருந்து வெளியான ஓர் ஆய்வில், ஏ.சி.எல். அறுந்த 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தாமதிக்காமல் அறுவை செய்தார்கள். மறுபாதிக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டு வருடம் கழித்து இரு தரப்பாரின் முட்டியும் ஏறக்குறைய ஒரே நிலை. இரண்டாம் தரப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கத்தியே தேவைப்படவில்லை. எனக்கோ திரும்பும்போதெல்லாம் முட்டி நழுவியது. சைக்கிள் பந்தயத்தை விடவும் மனமில்லை. இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்று டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை கோவையில் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். என் முட்டியின் உட்புறத்தைத் திரையில் நானே பார்த்தேன். குருத்தெலும்பு இளநீர் வழுக்கை போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் நடுவே, துடைப்பக்கட்டை நுனிபோலப் பிய்ந்து மிதந்தது என் ஜவ்வு.

மறுநாள், படிக்கட்டுப் பாடம் முடிந்ததும், கட்டிலில் உட்காரவைத்து முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தாள் பிசியோ பெண். "துண்டை நசுக்குங்கண்ணா. தொடையை இறுக்குங்க." இறுக்கினேன். வலது தொடை இறுகியது. "அது இல்ல, இந்தக் காலு." மறுபடி. பல்லைக் கடித்தேன், தோள் உயர்ந்தது, இடது தொடை பிசைந்து வைத்த சப்பாத்தி மாவுபோலக் கிடந்தது. அடிபட்ட மூட்டிலிருந்து போகிற செய்தியால் தண்டுவடமே தொடைத்தசையை அணைத்துவைக்கிறதாம். நாம் எவ்வளவு கத்தினாலும் அதன் காதில் விழாது. மன உறுதி என்று நாம் பெருமையடித்துக்கொள்வது எத்தனை சின்ன விஷயம் என்று அந்தத் துண்டு எனக்குக் காட்டியது. நாலாவது நாள், முட்டிச்சிப்பிக்கு மேலே உள்பக்கம், பல்லி துடிப்பதுபோல ஏதோ அசைந்தது. "வந்துருச்சு!" என்று அவள்தான் கத்தினாள்.

வீட்டில் பழைய சைக்கிளைப் பின்சக்கரம் தூக்கி ஸ்டாண்டில் மாட்டி சீட்டை உயர்த்தி வைத்துக்கொண்டேன். பெடல் ஒரு முழுச் சுற்று வர முட்டி ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டும். எனக்கு 95-தான் மடங்கியது. அதனால் முக்கால் சுற்று முன்னே, முக்கால் சுற்று பின்னே என்று தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு காலையில் முழுச் சுற்று வந்தது, பின்னோக்கி. நிறையப் பேருக்கு அப்படித்தான் முதலில் வரும் என்றாள் பிசியோ பெண். முன்னோக்கி வர இன்னும் நான்கு நாள் ஆனது.

முட்டிக்குள் வைத்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். தொடையின் பின்பக்கத்திலிருந்து இரண்டு தசைநாண்களை உருவி, மடித்து, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளையிட்டு, அதற்குள் செலுத்திக் கட்டுகிறார்கள். அரசாங்க பாஷையில் பணியிட மாற்றம். தொடையில் இழுக்கிற வேலை பார்த்தவருக்கு முட்டிக்குள் தடுக்கிற வேலை. புது இடத்தில் அவர் முதலில் ஏறக்குறைய செத்துத்தான் பிழைக்கிறார். ரத்த ஓட்டம் அறுபட்டதால் பழைய செல்கள் மடிகின்றன; புது நாளங்களும் செல்களும் குடியேறி, ஒரு வருடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு, நாண் மெல்ல ஜவ்வாகிறது. ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரைதான் அது மிகவும் நொய்ந்து கிடக்கும் என்றார்கள். நோயாளிக்கோ அதே மூன்றாம் மாதத்தில்தான் வீக்கம் வற்றி, ஊன்றுகோல் போய், ஆகா என்றிருக்கும்.

இந்த ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் படுத்தியது. 'உடம்பு சொல்றதைக் கேளு' என்று மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லியே பழகியவன் நான். மூன்றாம் மாதம் என் உடம்பு 'போலாம், வா' என்றது. உடம்பு சொன்னது பொய். அப்படியானால் யார் பேச்சைக் கேட்பது? காலண்டர் பேச்சைத்தான். கணக்கு எழுதுகிறவனுக்கே அது அவமானமாக இருந்தது.

அந்த நாட்களில் ஃபேக்டரிக்கு இலை கொண்டுவரும் ஒரு அக்கா, நான் சரிவில் இறங்குவதைப் பார்த்துவிட்டு நின்றார். அவர் குடும்பம் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. "நேரா இறங்காதீங்க சார், முட்டிதான் வாங்கும். குறுக்கால சாய்ஞ்சு சாய்ஞ்சு இறங்குங்க." தலையில் இலை மூட்டை, எப்படியும் 25 கிலோ. அவருக்கும் முட்டி வலி, பல வருடமாக. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார். பறிக்காத நாளுக்குக் கூலி கிடையாது. எனக்கு மாதக்கணக்கில் கிடைத்த ஓய்வு அவருக்கு ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் கிடைத்திருக்காது. பொழுதுபோக்குக்காக முட்டியை உடைத்துக்கொண்டவன் அவரிடம் என்ன பேச முடியும்? குறுக்கே சாய்ந்து இறங்கினேன். உண்மையிலேயே வலி குறைந்தது.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பது எங்கள் மலை ரயிலுக்கும் தெரியும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரம் பல் வைத்த நடுத் தண்டவாளத்தைக் கவ்விப்பிடித்துக்கொண்டு போகிற வண்டி அது. இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். அது போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஒரு ஆள். சின்ன வயதில் அதைப் பார்த்து, இத்தனை மெதுவாகப் போகிற வண்டிக்கு இத்தனை பிரேக்கா என்று சிரித்திருக்கிறேன்.

ஒன்பதாம் மாதம் சோதனை. 2016-இல் வந்த ஓர் ஆய்வின்படி, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டி போகிற அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. காலம் மட்டும் போதாது. அடிபட்ட காலின் பலம் நல்ல காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாண்டச் சொன்னார்கள். எனக்கு 84. அதிலும் ஒரு சூது உண்டு: இத்தனை மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும்தான் இளைத்திருக்கும், இளைத்த காலோடு ஒப்பிட்டு வாங்கிய மார்க் அது. இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தேன். வேலை ஜவ்வாக இழுத்தது என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதன் அர்த்தம் அப்போது புரிந்தது.

பதினொன்றாம் மாதம் அதே டிரெயிலுக்குப் போனேன். ஷூவைப் பெடலோடு பூட்டுகிற கிளீட்டைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பெடல் போட்டிருந்தேன். காலை முறுக்கி விடுவிக்க வேண்டிய வேலை மிச்சம். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, முட்டி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேர் வந்தது. கண் அதன்மேலேயே ஒட்டிக்கொண்டது. கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரம் போகும். இதைப் புதிதாக வருகிற பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிரேக்கை அழுத்தி இறங்கி நின்றேன். கை நடுங்கியது.

அடிபடுவதற்கு முன், கூட வருகிறவன் சரிவில் இறங்கி நின்றால் 'பயந்துட்டான்' என்று சிரிப்போம். இப்போது நானே நின்றதற்கு 'நிதானம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். இரண்டுமே சௌகரியத்துக்கு வைத்த பெயர்கள். பயம் எது, புத்தி எது என்று உள்ளேயிருந்து பார்த்துச் சொல்ல முடிகிறதா? எனக்கு முடியவில்லை. வெளியே ஓர் அடையாளம்தான் கிடைத்தது: பயமாயிருந்தால் வேரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. புத்தியோடு இறங்குகிறவனுக்கு வேரைத் தாண்டிப் பாதை எங்கே திரும்புகிறது என்பதும் தெரியும். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. ஆகவே அது பயம்தான்.

பதினாலாம் மாதம் பந்தயம். உள்ளூர்ப் பையன்கள் நடத்தியது. 40 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் 14 பேர், மூன்று சுற்று. வழியில் வேர்கள் பின்னிய ஓர் இறக்கம். முதல் சுற்றில் சைக்கிளை விட்டு இறங்கி, அதைப் பிடித்தபடி நடந்தேன். "சார், ஓரம்!" என்று ஒருவர் பறந்துபோனார். படிப்பாடம் முடிந்து ஒரு வருடம் ஆகியும் இடது கால்தான் முதலில் கீழே போனது. இரண்டாம் சுற்றிலும் இறங்கினேன். ஆனால் இறங்குவதற்கு முன்பே, இறக்கத்தின் அடியில் பாதை இடது பக்கம் ஒடித்துத் திரும்புவதும், அங்கே ஒரு தேயிலைச் செடி வரிசையிலிருந்து தள்ளி முளைத்திருப்பதும் கண்ணில் பட்டன. மூன்றாம் சுற்றிலும் இறங்கித்தான் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் இருபது விநாடியாவது போயிருக்கும். பதினொன்றாவது ஆளாக வந்தேன். பழைய கணக்கில் நான் நாலாவது, ஐந்தாவது வருகிறவன்.

"பழையபடி ஆயிட்டீங்களா?" என்று முடிவுக்கோட்டில் ஒருவர் கேட்டார். தொடை நாரை உருவி முட்டிக்குள் கட்டியிருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது! "ஓட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்ததற்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதே பாதை, நவம்பர் மாதம். காய்ந்திருந்தால் அந்த இறக்கத்தை ஓட்டிப் பார்ப்பேன். முந்தின இரவு மழை பெய்திருந்தால் இறங்கித்தான் போவேன். பின்னால் வருகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் முன்கூட்டியே குரல் கொடுங்கள்.