மலைக்குப் போகிறவரின் சீட்டு

தலைவலி, வாந்தி, மூன்று நாள். கீழே இரண்டு மாத்திரைகளின் பெயர். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஓ.பி. சீட்டுக் கட்டைப் பிரித்தாலும் இப்படி ஒன்று கிடைக்கும். குடும்ப மருத்துவம் பயில்கிறவருக்குப் பாடம் சொல்ல அரிய நோய் எதற்கு? இந்தச் சீட்டே போதும். ஆனால் பயிற்சி மருத்துவர் தாமே எடுத்து வந்ததாக அது இருக்கக் கூடாது. அவர் எடுத்தால் நன்றாகப் பார்த்த கேஸைத்தான் எடுப்பார். ஆசிரியர் சீட்டுக் கட்டிலிருந்து ஏதோ ஒன்றை உருவிக் கேட்க வேண்டும்.

"இந்தம்மா என்ன வேலைக்குப் போறாங்க?"

"கூலி வேலை சார்."

"மலைக்கா, திராட்சைத் தோட்டத்துக்கா?"

பெரும்பாலும் இங்கேதான் பேச்சு நிற்கும். விடியுமுன் ஜீப் ஏறி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரம் திரும்புகிற பெண்கள் இங்கே ஏராளம். முந்தின நாள் மருந்தடித்த செடிகளுக்குள் குனிந்து காய் எடுத்திருந்தால் அந்தத் தலைவலிக்குப் பொருளே வேறு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் வியர்க்கும், எச்சில் ஊறும், வாந்தி வரும், கண்பாவை சுருங்கும். டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? பயிற்சி மருத்துவர் இதையெல்லாம் படித்தவர்தான். கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதில்தான் ஆசிரியர் நேரம் செலவிட வேண்டும். வெளியே நின்ற வரிசையா, 'கூலி' என்றதும் கேள்வி முடிந்துவிட்டதா? லண்டனில் குடும்ப மருத்துவர்களைக் கூட்டி வைத்துக் கேஸ் பேசவைத்த மைக்கேல் பாலிண்ட், மருத்துவரே ஒரு மருந்து என்று 1957இல் எழுதினார். அந்த மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை.

இந்தச் சீட்டுப் பேச்சைப் பலர் முன்னால் வைத்துக் குற்றவிசாரணையாக நடத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அடிபட்டவர் அடுத்த முறை சீட்டை நிறைவாக எழுதக் கற்றுக்கொள்வார். ஆளைப் பார்க்கக் கற்க மாட்டார்.

முற்றிய நோய்க்குத் தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் பெயர் தெரியாத நோய் முதலில் வந்து நிற்பது குடும்ப மருத்துவரிடம். பெரிய மருத்துவமனையின் இறப்பு ஆய்வில் பேசப்படுகிறவர் போய்ச் சேர்ந்தவர். இந்தச் சீட்டுக்கு உரியவரோ நாளைக் காலையும் ஜீப் ஏறப் போகிறவர். நாம் கற்றது அவருக்குக் கடன்பட்ட கல்வி. அதனால் கலந்துபேசி முடித்ததும் பயிற்சி மருத்துவர் செய்ய வேண்டியது, அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டு, "அந்தம்மாவை ஒரு தடவை வரச் சொல்லுங்கக்கா" என்பது.