பெயர் மூன்று, பொருள் ஒன்று

கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்துக்கு வந்த தமிழ்க் கூலித் தொழிலாளருள் பலர், ஜார்ஜ் டவுனின் தெருக்களில் கால் பதிப்பதற்கு முன்னர், தீவின் தென்கிழக்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் ஜெரெஜாக் என்னும் சிறு தீவில் இறக்கப்பட்டு, தொற்றுநோய் உண்டா இல்லையா என்று பார்க்கப்பட்ட பிறகே கரை சேர்ந்தனர். அந்த ஜெரெஜாக்குக்கு எதிர்க்கரையில் இன்று நிற்பது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் பழைய சலுகையை 1969இல் இழந்து, வேலையின்றித் தவித்த பினாங்குத் தீவுக்கு, அவ்வாண்டு தொட்டு 1990 வரை முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சொங் இயூவின் முயற்சியால், 1972ஆம் ஆண்டையொட்டி இன்டெல், ஏ.எம்.டி. முதலிய கம்பெனிகள் வந்து சேர்ந்தன. மனிதரைச் சோதித்துப் பிரித்த தீவுக்கு எதிரே, சில்லுகளைச் சோதித்துப் பிரிக்கும் கூடங்கள் எழுந்தது தற்செயலே. ஆயினும், ஒரு பொருளின் தகுதி அதன் உள்ளிருந்து வருகிறதா, அன்றி அதன்மேல் பிறரால் எழுதப்படுகிறதா என்னும் பழைய கேள்வியை எழுப்புவதற்கு இதனினும் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கணிப்பொறியின் பிராசஸர்கள் எப்படித் தரம் பெறுகின்றன என்பதை அறிந்தால் நம் வேதாந்திகள் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். ஒரே வட்டத்தகட்டில், ஒரே நாளில், ஒரே அச்சில் பிறந்த சில்லுகள் தனித்தனியே வெட்டப்பட்டு, கூடு ஏற்றப்பட்டு, வெப்பத்திலும் மின்னழுத்தத்திலும் வாட்டப்பட்டு, எந்த வேகம் வரையில் பிழையின்றிக் கணக்கிடுகின்றன என்று பார்க்கப்படுகின்றன. அதன்படி ஒன்றுக்கு உயர்ந்த பெயரும் மற்றொன்றுக்குத் தாழ்ந்த பெயரும் பொறிக்கப்படுகின்றன. இம்மட்டில் நியாயமே. ஆனால் சந்தையில் மலிவான சில்லுகளுக்கே கிராக்கி மிகுந்திருக்கும் காலத்தில், உயர்ந்த வேகத்தைத் தாங்கக்கூடிய சில்லுகளும் தாழ்ந்த பெயரோடு பெட்டியில் ஏறுவதுண்டு. ஆகவே சில்லின் முதுகில் உள்ள எண் அதன் சுபாவத்தை முழுதும் உரைப்பதன்று. “இந்த வேகம் வரையில் நான் பொறுப்பு” என்று சோதித்தவன் கொடுத்த வாக்குறுதி மாத்திரமே.

இதைக் கண்முன் காட்டிய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனில் ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் ஏத்லான் எக்ஸ்பி வகைப் பிராசஸர் கொண்ட மேசைக் கணிப்பொறி ஒன்று இருந்தது. காலையில் ஒழுங்காக நடக்கும். வெயில் ஏறி, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு நன்கொடை அளித்தோர் பட்டியலை அச்சிடத் தொடங்கும் சமயம் பார்த்து நீலத்திரை விழுந்து நின்றுவிடும். பிராசஸர் போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்பது கடைக்காரரின் தீர்ப்பு. கணக்கு எழுதும் பெரியவர் அதை ஒப்பவில்லை. பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஓர் இளைஞனை அழைத்துவந்தார்.

அவன் முதலில் விசிறியில் ஒட்டடைபோல் படிந்திருந்த தூசியைத் தட்டினான்; பயன் இல்லை. பிறகு பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புக்குள் புகுந்து பார்த்தான். மதர்போர்டு பிராசஸருக்கு அளிக்கும் தாளத்தின் வேகம் 200 மெகாஹெர்ட்ஸ் என்று எவரோ மாற்றிவைத்திருந்தார். வேகம் வேண்டி யாரோ ஒரு கெட்டிக்காரர் செய்த காரியம் அது. இளைஞன் அதை 133க்கு இறக்கினான். கணிப்பொறி சாந்தமாக எழுந்தது. ஆனால் திரையில் ‘ஏத்லான் எக்ஸ்பி 1700+’ என்று வந்தது.

“என்ன தம்பி, வாங்கின பில்லில் 2500 என்றல்லவா இருக்கிறது? ஏமாற்றிவிட்டார்களா?” என்று பெரியவர் பதறினார்.

“இல்லீங்க ஐயா, சாமான் அதேதான். கொஞ்சம் பொறுங்க,” என்றான் அவன்.

தாளத்தை 166க்கு ஏற்றினான். திரை ‘2500+’ என்றது. மீண்டும் 200க்கு ஏற்றினான். ‘3200+’ என்றது, சற்று நேரத்தில் பழையபடி நின்றும் போயிற்று. பெயர் மூன்று, பொருள் ஒன்று. இதன் சூட்சுமம் எளிது. அந்தச் சில்லினுள் 11 என்னும் பெருக்கெண் பதிந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் தாளத்தை அது 11ஆல் பெருக்கிக்கொள்ளும்: 133க்கு 1,467, 166க்கு 1,833, 200க்கு 2,200 மெகாஹெர்ட்ஸ். அந்தந்த வேகத்துக்கு விற்பனைப் பட்டியலில் எந்தப் பெயர் உண்டோ, அந்தப் பெயரைத் திரை சொல்லும். எல்லாப் பிராசஸர்களும் இத்தனை வெளிப்படையாக வேஷம் மாறுவதில்லை. நமக்கு வாய்த்தது இப்படிப்பட்டதாக இருந்தது நம் அதிர்ஷ்டம்.

மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் ஏழாம் சூத்திரம், ஆன்மா சத்தும் அன்று, அசத்தும் அன்று, இரண்டையும் அறியவல்ல சதசத்து என்று நிறுவுகிறது. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே அது விளங்கும் என்பது சித்தாந்திகளின் உறுதியான கொள்கை. நெடுநாள் இதை ஒரு தத்துவ வாய்பாடாகவே படித்துவந்த எனக்கு, தன்னுள் மாறாத ஒன்றையும் தன்மேல் மாறுகின்ற ஒன்றையும் ஒருங்கே கொண்டு, சார்பு மாறும்போதெல்லாம் பெயரும் மாறி நின்ற அந்தச் சில்லைக் கண்டபோது, அக்கொள்கை புதிதாக விளங்கிற்று. எட்டாம் சூத்திரம் வேறொரு நிலையைக் காட்டுகிறது: ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை வேடனென்றே எண்ணியிருந்த மன்னன் மகனுக்கு, நீ இன்னான் என்று குருவாய் வந்து உணர்த்துபவன் இறைவன். 133இல் ஓடிய அந்தச் சில்லும் அப்படி வேடர் குடியில் இருந்ததுதான். குற்றம் ஏதும் இல்லை, நிம்மதிகூட இருந்தது. ஆனால் அது தான் அன்று.

இங்கே வேதாந்தி குறுக்கிட்டு, மூன்று பெயர்களும் உபாதியால் வந்தவை, உபாதி நீங்கினால் பெயரும் இல்லை, நிற்றலும் இல்லை, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்பார். அவருக்கு என் மறுமொழி, நீலத்திரை உண்மை என்பதே. பட்டியல் அச்சாகவில்லை; பந்தல்காரர்கள் வாசலில் காத்திருந்தார்கள். தனக்கு ஒவ்வாத சார்பில் நிறுத்தப்பட்ட ஆன்மா படும் துன்பத்தைத் தோற்றம் என்று தள்ளிவிடும் தத்துவம் எனக்கு உவப்பானதன்று. மலமும் உண்மை, பாசமும் உண்மை என்று கொண்டு, அதனால்தான் பக்குவம் என்பதற்கே ஓர் அர்த்தம் உண்டு என்று கூறும் சித்தாந்தத்தின் பக்கமே நான் சாய்கிறேன்.

எனினும் 3200 என்னும் பெயரில் அந்தச் சில்லு ஏன் நின்றுபோயிற்று? அதன் அதிகாரம் அவ்வளவுதான் என்று சொல்லிவிட நாவு துடிக்கும். நம் சமூகம் ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவந்த விடையும் அதுவே. பிறந்த குடியைச் சில்லின் முதுகிலுள்ள எண்போலப் படித்து, அதற்கு மேல் ஒருவன் எழுந்தால் அவன் விழுவது ஈசுவர சித்தம் என்றார்கள். கீதை சொல்லும் சுவதர்மத்தை இதற்குச் சாட்சியாக இழுத்தவர்களும் உண்டு. கப்பலில் வந்த நம்மவர் அந்த முத்திரையையும் மூட்டையோடு இறக்கிக்கொண்டார்கள் என்பது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி.

இளைஞன் அப்படி அவசரப்படவில்லை. ஒரு சமயத்தில் ஒன்றை மாத்திரமே மாற்றுவது என்ற விரதம் அவனுக்கு. தாளத்தை 200லேயே விட்டுவிட்டு, மெமரிப் பலகையை மாத்திரம் கழற்றினான். அது 166 மெகாஹெர்ட்ஸ் தாளத்துக்கென்று விற்கப்பட்ட பழைய பலகை. பிராசஸரோடு சேர்ந்து அதுவும் 200இல் ஓடும்படி நிர்ப்பந்திக்கப்பட்டிருந்தது. தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த, 200க்குரிய பலகையைச் செருகி, மெமரியை ஓயாமல் எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனை நிரலை ஓடவிட்டுப் போனான். மறுநாள் காலை வரை ஒரு பிழையும் இல்லை. பட்டியலும் நிற்காமல் அச்சாயிற்று. பழி சுமந்தது பிராசஸர். தளர்ந்தது அதன் துணை. ஓர் உயிர் தவறும்போது அதன் வினை என்று நாம் எழுதும் தீர்ப்புகளில் எத்தனை, அருகில் இருந்தவர் தாங்காமையை அவ்வுயிரின் மேல் ஏற்றிய தீர்ப்புகளோ! மாணவனை மட்டும் சோதித்து, அவனுக்கு வாய்த்த பள்ளியையும் பசியையும் சோதியாமல் விடும் ஆசான் பக்குவம் பார்த்தவன் ஆகமாட்டான்.

இரவல் பலகையை அவன் திரும்ப எடுத்துக்கொண்டபோது தாளத்தை 166க்கே இறக்கி, “இந்த மெமரிக்கு இதுதாங்க ஐயா தோது,” என்று சொல்லிவிட்டுப் போனான். முடியும் என்று நிரூபணமான பின்னும் இறங்கியதில் பெரியவருக்குச் சிறு மனக்குறை. எனக்கு இல்லை. இன்ன சார்பில் இன்ன அளவு என்பதே சரியான விடை. சார்பு மாறினால் மீண்டும் சோதிக்க வேண்டும், அவ்வளவே.

சில்லுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள பேதத்தையும் மறைப்பதற்கில்லை. சில்லு தன் தாளத்தைத் தானே வேண்டுவதில்லை; மனிதன் வேண்டுகிறான், சிலசமயம் தாங்க முடியாததை வேண்டுகிறான். தைப்பூசத்துக்கு முன் இவ்வூரில் காவடிக்கு நேர்ந்துகொள்பவருள் பால்குடம் எடுப்பவரும், மயில்காவடி சுமப்பவரும், அலகு குத்திக்கொள்பவரும் உண்டு. அலகு குத்தும் அனுபவசாலிகளில் நான் அறிந்த ஒருவர், முன்னே வந்து நிற்பவனிடம் எந்த ஊர், எந்தக் குடி என்று வினவுவதில்லை. எத்தனை நாள் விரதம், உறங்கினாயா, வீட்டில் துக்கம் ஏதும் உண்டா, உடன் நடக்க யார் வருகிறார்கள் என்றே கேட்கிறார். விடை திருப்தி தராவிட்டால், “இந்த வருஷம் பால்குடம் எடப்பா,” என்கிறார். சென்ற வருஷம் அலகு குத்தியவன் என்பது அவரிடம் செல்லுபடியாவதில்லை.