யாரும் இல்லாத சேனல்

ஐ.ஆர்.சி. என்னும் இணைய அரட்டையில் ஒரு சேனல், அதில் ஆள் இருக்கும்வரை மட்டுமே இருக்கிறது. முதல் ஆள் நுழையும்போது பிறக்கிறது. கடைசி ஆள் வெளியேறியதும் இல்லாமல் போகிறது. பின்லாந்தின் ஓவ்லு பல்கலைக்கழகத்தில் 1988 ஆகஸ்டில் யார்க்கோ ஓய்கரினென் தொடங்கியது இந்த முறை. அவரும் டேரன் ரீடும் எழுதி 1993 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1459 என்ற நெறிமுறை ஆவணம் சேனலின் பிறப்பையும் இறப்பையும் இப்படியே வரையறுக்கிறது. அப்படியானால், நேற்று நள்ளிரவு காலியாகிப்போன சேனலின் பெயரை இன்று காலை ஒருவர் தட்டிச் சேர்ந்தால், அவர் நுழைவது அதே சேனலுக்குள்ளா, பெயர் மட்டும் ஒன்றான வேறொன்றுக்குள்ளா?

டெர்மினலில் இயங்கும் ஐ.ஆர்.சி. மென்பொருள்களில் இந்தக் கேள்வி மறைப்பே இல்லாமல் கண்ணுக்குத் தெரியும். டிமோ சிரைனென் 1999இல் வெளியிட்ட இர்ஸியை எடுத்துக்கொள்ளலாம். கறுப்புத் திரை, அடியில் ஒரு நிலைப்பட்டை, அதற்கும் கீழே தட்டுவதற்கு ஒற்றை வரி. அந்த வரியில் சாய்கோடு போட்டு ஜாயின் என்று தட்டி, # குறியோடு சேனல் பெயரைக் கொடுத்து என்டரை அழுத்தினால், உள்ளே இருப்பவர்களின் பட்டியல் வரும். யாரும் இல்லையென்றால் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருக்கும், சேர்ந்தவருடையது. அதன் முன்னால் @ குறி நிற்கும். சேனலை நடத்தும் ஆப்பரேட்டர் அவர்தான் என்று அதற்குப் பொருள். சேர்வதற்கும் உண்டாக்குவதற்கும் கட்டளை ஒன்றே. முன்பு அங்கே யார் என்ன பேசினார்கள் என்பது திரையில் வராது, ஏனென்றால் ஐ.ஆர்.சி. சர்வர் பொதுவாகப் பழைய பேச்சைச் சேமித்து வைப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் யாரும் பேசாவிட்டாலும் குழு அப்படியே இருக்கும். இங்கே ஆள் போனால் இடமும் போய்விடும்.

பாகங்களைத் தவிர முழுமை என்று தனியே ஒன்று உண்டா என்று இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதாடியிருக்கின்றன. மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில் பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த அரசனிடம் தேரின் அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேர் என்பது இவையெல்லாம் கூடியதற்கு வழங்கும் பெயர்தான் என்று காட்டுகிறார். நியாய, வைசேஷிக மரபினர் இதை ஏற்கவில்லை. அவயவங்களில், அதாவது பாகங்களில், தங்கியிருந்தாலும் அவயவி என்னும் முழுமை அவற்றின் வேறான உண்மைப் பொருள் என்பது அவர்கள் கட்சி. சேனலைப் பார்த்தால் முதலில் நியாயத்தின் பக்கமே சாயத் தோன்றும். தலைப்பு, தடைசெய்யப்பட்டவர் பட்டியல், இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு ஆகியவை உறுப்பினர் எவருக்கும் உரியவை அல்ல, சேனலுக்கு உரியவை. ஆனால் அதே மரபு, துணியில் ஓர் இழையை நீக்கினாலும் பழைய துணி அழிந்து புதியது பிறக்கிறது என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கில் ஒவ்வொருவர் வந்து போகும்போதும் சேனல் புதிதாகிவிடும். அதில் பல ஆண்டு பேசிப் பழகிய எவரும் இதை ஒப்பமாட்டார். ஆளே இல்லாமல் போவதும் ஓர் ஆள் குறைவதும் ஒன்றல்ல என்ற அனுபவ உண்மைக்கு இரு கட்சியிலும் போதிய இடமில்லை.

சமய மரபுகள் இதை எண்ணிக்கையால் அணுகியிருக்கின்றன. யூத மரபில் சில வழிபாடுகளுக்குப் பத்துப் பேர் கூட வேண்டும். பௌத்த சங்கம் முறையான செயல் ஒன்றைச் செய்யக் குறைந்தது நான்கு பிக்குகள் தேவை. ஒருவர் எவ்வளவு பக்தியோடு இருந்தாலும் அவர் சபை ஆகமாட்டார். ஐ.ஆர்.சி.க்கோ ஒருவர் போதும்; அவர் மனிதராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ராபி பாயின்டர் 1993இல் எழுதிய எக்டிராப் போன்ற பாட்கள் என்னும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகச் சேனலில் உட்கார்ந்து அது காலியாகிவிடாமல் காக்கின்றன. பாட் மட்டும் இருக்கும் சேனலில் கூட்டம் இல்லை. கூட்டம் திரும்பி வருவதற்கான இடம் மட்டும் காக்கப்படுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

மனிதரின் இருப்பும் இங்கே எளிதான செய்தி அல்ல. பயனர் இல்லாதபோதும் நிரலை ஓடவைக்கும் ஸ்கிரீன் அல்லது டீமக்ஸுக்குள் இர்ஸியை ஓடவிட்டு, இணைப்பைத் துண்டித்துக்கொண்டு தூங்கப் போவது டெர்மினல் பயனர்களின் நெடுநாள் வழக்கம். ஆள் தூங்குகிறார், பெயர் பட்டியலில் நிற்கிறது. சர்வர் அவ்வப்போது பிங் என்று கேட்கிறது, மென்பொருள் தானாகவே பாங் என்று பதில் தருகிறது. பதில் நின்றுபோனால்தான் ஆள் போய்விட்டதாக சர்வர் அறிவிக்கும். அப்படியானால் பட்டியலில் நிற்கும் பெயர் பொய்யா? இல்லை. காலையில் அவர் திரையை மேலே நகர்த்தி எல்லாவற்றையும் படிப்பார் என்று தெரிந்தே மற்றவர்கள் இரவில் அவரிடம் பேசிவைக்கிறார்கள். படிப்பேன் என்ற வாக்குறுதியும் இருத்தலின் ஒரு வகையே.

கேள்வி உண்மையில் கூர்மையாவது நெட்ஸ்பிளிட்டின்போது. ஒரு வலையமைப்பின் சர்வர்கள் கிளைவிட்ட மரம்போல் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு சர்வர்களுக்கு இடையே ஒரே ஒரு பாதைதான். அந்த இணைப்பு அறுந்தால் வலையமைப்பு இரண்டாகிறது. இர்ஸியில் நெட்ஸ்பிளிட் என்ற ஒற்றை வரியில் இரு சர்வர்களின் பெயரும் ‘போய்விட்டவர்கள்’ பட்டியலும் வரும். மறுபுறத்தில் இருப்பவர்களின் திரையிலும் அதே வரி, எதிர்ப்பட்டியலோடு வரும். உண்மையில் யாரும் போகவில்லை. ஒரே சேனல், ஒரே தலைப்பு, இரண்டு பாதிகள். இரண்டிலும் பேச்சு தொடர்கிறது. இணைப்பு மீண்டதும் பிளவு முடிந்தது என்ற வரியோடு பெயர்கள் திரும்புகின்றன. ஆனால் இடையில் ஒருபுறம் பேசியது மறுபுறத்திற்கு வருவதே இல்லை. அந்த நேரத்தைப் பொறுத்தவரை அந்தச் சேனலுக்கு இரண்டு கடந்தகாலங்கள்.

தத்துவ அறிஞர் டெரிக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட ‘ரீசன்ஸ் அண்ட் பர்சன்ஸ்’ நூலில் மனிதர் ஒருவர் இரண்டாகப் பிரிந்தால் எது அவர் என்று கற்பனையாகக் கேட்டார். இரண்டுக்கும் சம உரிமை உண்டு, ஆகவே ‘எது அவர்’ என்பது நாம் நினைப்பதுபோல் முக்கியமான கேள்வி அல்ல, தொடர்ச்சியே முக்கியம் என்பது அவர் முடிவு. ஐ.ஆர்.சி.யை நடத்தியவர்களுக்கு அது கற்பனை அல்ல. கேள்வியைத் தள்ளிவைக்கவும் முடியவில்லை, ஏனென்றால் பிளவைப் பயன்படுத்திச் சேனலைப் பறிப்பவர்கள் இருந்தார்கள். ஒரு சேனலின் உறுப்பினர் எவரும் இல்லாத சர்வர் பிரிந்துபோகும் வேளையில் அங்கே நுழைந்து அதே பெயரில் சேர்ந்தால், அவர் ‘முதல் ஆள்’ ஆகி @ பெற்றுவிடுவார். இணைப்பு மீண்டதும் அந்த அதிகாரத்தோடு உள்ளே வந்து மற்ற எல்லோரையும் வெளியே தள்ளலாம்.

இதற்கு இரண்டு தீர்வுகள் முன்வந்தன. ஒன்று, ஒவ்வொரு சேனலுக்கும் பிறந்த நேரத்தைக் குறித்துவைத்து, இணையும்போது ஒப்பிடுவது. மூத்த பக்கத்தின் @ நிலைக்கும், இளைய பக்கத்தினுடையது பறிக்கப்படும். மற்றொன்று, பிளவால் ஒரு பக்கம் சேனல் காலியானால் அந்தப் பெயரைச் சிறிது காலம் பூட்டிவைத்து, யாரும் மறுபடி உண்டாக்க முடியாமல் செய்வது. முன்னது மூப்பையே அடையாளமாகக் கொள்கிறது. பின்னது, சேனல் இறந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்ல மறுக்கிறது. நடைமுறையில் முன்னதே வசதியானது. ஆனாலும் காணாமல் போனதை அழிந்துபோனதாக எண்ணாத நிதானம் பின்னதில்தான் இருக்கிறது. இந்தக் கருத்து வேறுபாடும் சேர்ந்து 1996 ஜூலையில் ஈஎஃப்நெட் என்ற வலையமைப்பையே இரண்டாக்கியது. நேரக் குறிப்பை ஏற்ற, பெரும்பாலும் அமெரிக்க சர்வர்கள் அந்தப் பெயரிலேயே நின்றன. பூட்டும் முறையை விரும்பிய ஐரோப்பியர்கள் ஐ.ஆர்.சி.நெட் ஆனார்கள். பிளவுக்குப் பின் எது உண்மையான சேனல் என்ற வாதம், எது உண்மையான வலையமைப்பு என்ற வாதமாக வளர்ந்தது.

2000 ஏப்ரலில் வந்த ஆர்.எஃப்.சி. 2811 மூன்றாவது விடை ஒன்றை வைத்தது. ! குறியில் தொடங்கும் சேனல்களின் பெயரிலேயே, பிறந்த நேரத்திலிருந்து பெறப்பட்ட ஐந்தெழுத்து அடையாளம் ஒன்று சேர்க்கப்படும். காலியாகி மறுபடி பிறந்தால் அடையாளம் வேறாகும். கேள்விக்கு நேரான விடை இது: பெயர் ஒன்றானாலும் சேனல் வேறு. தத்துவ நோக்கில் மிகச் சுத்தமான இந்த ஏற்பாடு # சேனலின் இடத்தைப் பிடிக்கவில்லை. மக்கள் தேடி வருவது பெயரைத்தான்.

பிற்காலத்தில் பல வலையமைப்புகள் சான்சர்வ் என்ற பதிவேட்டுச் சேவையை வைத்தன. சேனலைத் தொடங்கியவர் யார், யாருக்கு என்ன உரிமை என்பது தரவுத்தளத்தில் இருக்கும்; ஆளே இல்லாவிட்டாலும் பதிவு நிற்கும். அவயவிக்கு ஒரு நிலையான இருப்பிடம் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. 2021 மே மாதம் ஃப்ரீநோட் வலையமைப்பின் தன்னார்வலர்கள் விலகி லிபெரா சாட்டைத் தொடங்கியபோது அந்த எண்ணம் சோதனைக்கு உள்ளானது. உபுண்டு, விக்கிமீடியா போன்ற சமூகங்கள் அங்கே குடிபெயர்ந்தன. பெயரும் பதிவேடும் பழைய இடத்தில் நின்றன. பேச்சும் பழக்கமும் கூட்டு நினைவும் புது இடம் போயின. சேனல் எங்கே இருக்கிறது என்று பலரும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஆட்கள் போன இடத்திற்கு மற்றவர்களும் போனார்கள், அதே பெயரை அங்கே மறுபடி தட்டிச் சேர்ந்தார்கள். அடுத்த மாதம் ஃப்ரீநோட் வேறு சர்வர் மென்பொருளுக்கு மாறியபோது பழைய பயனர்பெயர், சேனல் பதிவுகள் அனைத்தும் கைவிடப்பட்டன.