துடைப்பமும் கொல்லாமையும்

வீட்டைப் பெருக்குவதும் கொலையா என்ற கேள்வியை அறநூல்கள் நேராகவே எதிர்கொண்டன. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தையும் இல்லறத்தானின் கொலைக்களங்கள் என்கிறது மனுஸ்மிருதி. அங்கே மடியும் சிற்றுயிர்களுக்கு ஈடாக நாள்தோறும் ஐந்து வேள்விகளை விதிக்கிறது. அவற்றுள் ஒன்று பிற உயிர்களுக்கு உணவிடுவது. வாசலைப் பெருக்கிய கை எறும்புக்கென அரிசிமாவில் கோலமிடுவதும் அந்த அறத்தின் அழகான வடிவமே. திகம்பரச் சமணத் துறவிகள் மயிற்பீலியால் உயிர்களை மெல்ல விலக்கிய பிறகே அமர்கிறார்கள்.

துப்புரவுக்குப் பயன்படும் பொருள்களைப் பார்த்தால், காரைக்கால் கரையில் கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட விரலை வாயில் வைக்கும். கிருமியைக் கொல்லும் பினாயில் குழந்தைக்கும் நஞ்சு. மாறாக, புளியும் எலுமிச்சையும் பித்தளைக் களிம்பைக் கரைத்து அகற்றுகின்றன, அவ்வளவே. ஆனால் இயற்கையானது என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. பூந்திக்கொட்டை துணியழுக்கை மென்மையாக நீக்கும். அதே சாறு குளத்தில் கலந்தால் மீன் மடியும். சாணத்தில் இசிவுநோய்க் கிருமியின் வித்து இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் தொப்புளருகே அது படவே கூடாது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, ஈரமாக இருக்கையில் கண்ணைப் புண்ணாக்கும் கடுங்காரம். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, கிளிஞ்சலில் இருந்த அதே கால்சியம் கார்பனேட்டாக மெல்ல மாறுகிறது. பூச்சு முற்றிலும் காயும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதிருப்பதும் கொல்லாமையில் அடங்கும்.